ரத்தத்திலிருந்து புற்றுநோய்ச் செல்லைப் பிரிக்கும் மின் சிப்: ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்துவிடுமா?

கேள்வி: மஞ்சை லேப் (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று நடத்தி வருகிறேன். செல் கவுண்டர், பயோகெமிஸ்ட்ரி அனலைசர், சென்ட்ரிஃபியூஜ், மைக்ராஸ்கோப் ஆகியவை உண்டு. அதற்கு மேற்பட்ட பரிசோதனைகளுக்கான மாதிரிகளைச் சென்னைக்கு அனுப்பி வைப்பதுதான் வழக்கம்.

அண்மையில் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்து ஒரு துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனார். பத்து மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து அனுப்பினால், மின்சாரத்தால் இயங்கும் ஒரு சிப் அதில் உள்ள புற்றுநோய்ச் செல்களை உயிரோடு தனியே பிரித்துவிடும் என்றும், எந்த உறுப்பில் புற்றுநோய் இருந்தாலும் கட்டி கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ தெரிவதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்றும் அதில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் எங்களுக்கு ஒரு தொகை தருவார்களாம். அதைவிட என்னை யோசிக்க வைத்தது அவர் கடைசியாகச் சொன்னது: சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் முகாம் போட்டால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது என்றார். ரசாயன ஆலைகளின் புகையையும் கழிவு நீரையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் அந்த மக்களிடம் புற்றுநோய் பற்றி எவ்வளவு அச்சம் இருக்கிறது என்பதை அவர் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்.

எனக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, எந்தச் சாயமும் மருந்தும் சேர்க்காமல், வெறும் மின்சாரத்தால் ஒரு செல் புற்றுநோய்ச் செல்லா இல்லையா என்று எப்படிப் பிரிக்க முடியும்? இரண்டாவது, அது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், ஆரம்ப நிலையில் உள்ள நோயைக் கண்டுபிடிக்க அது போதுமா? மூன்றாவது, "செல் எதுவும் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால், அந்த மனிதரிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்லலாமா? துறை அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

---

பதில்: மின்முனை (காலாப்பட்டு, புதுச்சேரி)

உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். செல்களை மின்புலத்தால் பிரிக்கும் சிப்களை உருவாக்கும் ஆய்வில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். மருத்துவத்தைப் பற்றி மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மின்சாரத்தால் செல்லை அறிவது உங்களுக்குப் புதியதன்று. உங்கள் மேசையில் இருக்கும் செல் கவுண்டர், வாலஸ் கோல்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உப்புக் கரைசலில் மிதக்கும் செல் ஒரு நுண்துளை வழியே போகும்போது அந்த இடத்தின் மின்தடை ஒரு கணம் கூடுகிறது. அந்தத் துடிப்பின் உயரத்தைக் கொண்டு செல்லின் அளவு கணக்கிடப்படுகிறது. ஆனால் அந்தக் கருவி செல்லை எண்ணுமே தவிர நகர்த்தாது.

நகர்த்துவதற்கு டைஎலக்ட்ரோஃபோரஸிஸ் என்ற விளைவு பயன்படுகிறது. ஹெர்பர்ட் போல் என்பவர் 1951-இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல், சில பத்து மைக்ரோமீட்டர் அகலமுள்ள தங்கக் கோடுகளைச் சீப்பு வடிவில், ஒன்றின் பற்கள் மற்றொன்றின் இடைவெளிகளில் அமையும்படி பதிக்கிறோம். இவைதான் மின்முனைகள். இவற்றுக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் கோடுகளின் விளிம்பில் மின்புலம் மிக வலுவாகவும், விலகிச் செல்லச் செல்ல வலுக்குறைந்தும் இருக்கும். இந்தச் சீரற்ற புலத்தில் ஒரு செல் வந்து நின்றால், அது மின்னூட்டம் இல்லாததாக இருந்தாலும், அதன் இரு பக்கங்களிலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் தூண்டப்படுகின்றன; இதைத்தான் முனைவுறுதல் என்கிறோம். சுற்றியுள்ள கரைசலைவிடச் செல் எளிதாக முனைவுற்றால், புலம் வலுவாக உள்ள விளிம்பை நோக்கி அது இழுக்கப்படும். கரைசலைவிடக் குறைவாக முனைவுற்றால் அங்கிருந்து தள்ளப்படும். இழுப்பா தள்ளலா என்பதை நாம் கொடுக்கும் அதிர்வெண் தீர்மானிக்கிறது. குறைந்த அதிர்வெண்ணில் செல்லின் சவ்வு மின்சாரத்தை உள்ளே விடாத உறையாக நிற்பதால் செல் தள்ளப்படுகிறது; அதிர்வெண்ணைக் கூட்டினால் புலம் சவ்வைக் கடந்து உள்ளே இருக்கும் உப்புச் சத்துள்ள சைட்டோபிளாசத்தை எட்டுவதால் செல் இழுக்கப்படுகிறது. தள்ளல் இழுப்பாக மாறும் அந்த எல்லை அதிர்வெண் ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் வேறுபடும். பிரிப்பு முழுவதும் இந்த வேறுபாட்டை நம்பியே நடக்கிறது.

புற்றுநோய்ச் செல்லின் எல்லை ஏன் வேறுபடுகிறது என்றால், அதன் சவ்வு பெரும்பாலும் மடிப்புகளும் நுண்ணிய நீட்சிகளும் நிறைந்தது. மடிப்பு கூடினால் ஒரே பரப்புக்குள் அதிகச் சவ்வு அடங்கும்; சவ்வின் மின்தேக்குத்திறன் கூடும். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தினர் 1995-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஒரு மார்பகப் புற்றுநோய்ச் செல் வகைக்கு இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 26 மில்லிஃபாரட், டி லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு வகைக்கு 11, சிவப்பணுவுக்கு 9. ஆரமும் மின்தேக்குத்திறனும் கூடக்கூட எல்லை அதிர்வெண் இறங்கும். ஆகவே பொருத்தமான கரைசலில், புற்றுநோய்ச் செல் இழுப்புக்கு மாறிவிட்ட, ஆனால் ரத்தச் செல்கள் இன்னும் தள்ளப்பட்டுக்கொண்டிருக்கும் ஓர் இடைப்பட்ட அதிர்வெண் கிடைக்கும். அதில் வைத்து மெதுவாகக் கரைசலை ஓடவிட்டால், வேண்டிய செல்கள் தங்க விளிம்பில் நிற்கும், மற்றவை அடித்துச் செல்லப்படும். மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்க்கும்போது, அதிர்வெண் குமிழைச் சற்றுத் திருப்பியதும் அதுவரை நடுவெளியில் மிதந்த செல்கள் சட்டென்று விளிம்பில் போய் வரிசைகட்டுவது, எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

ஆனால் "பொருத்தமான கரைசல்" என்று எழுதினேனே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிளாஸ்மாவில் உப்பு மிகுதி. அந்த அளவு மின்கடத்துத்திறனில் எந்த அதிர்வெண்ணிலும் உயிருள்ள செல் பெரும்பாலும் தள்ளப்படத்தான் செய்யும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் கரைசல் சூடாகிச் செல்கள் சாகும். அதிர்வெண்ணைக் குறைத்தால் மின்முனையில் குமிழி கிளம்பும். எனவே ரத்தத்தை அப்படியே சிப்பில் விட முடியாது. சிவப்பணுக்களை முதலில் நீக்கி, எஞ்சிய செல்களை உப்புக் குறைந்த சர்க்கரைக் கரைசலுக்கு மாற்ற வேண்டும். (நம் ஊர் வெக்கையில் அந்தச் சர்க்கரைக் கரைசலைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே மறந்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்பது தனிக் கதை.) ஒவ்வொரு முறை சுழற்றி, வடித்து, மாற்றும்போதும் சில செல்கள் குழாய்ச் சுவரில் ஒட்டிப் போகும். பல இலட்சம் செல்கள் உள்ள மாதிரியில் அது பொருட்டில்லை. தேடுவதே ஐந்தாறு செல்கள் என்றால், அதில் இரண்டு போய்விட்டாலும் முடிவு மாறிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இழுவிசை செல்லின் ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. மின்முனையிலிருந்து விலகினால் மிக வேகமாகக் குறைவது. அதனால் வாய்க்காலின் உயரத்தைச் சில பத்து மைக்ரோமீட்டருக்கு மேல் கூட்டினால் மேலடுக்கில் ஓடும் செல்லைப் பிடிக்க முடியாது. உயரம் குறைந்தால் ஓட்டமும் குறையும். செல்களை நெருக்கமாக விட்டு நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்றால், முனைவுற்ற செல்கள் ஒன்றையொன்று கவர்ந்து சரமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு புற்றுநோய்ச் செல்லோடு நாலைந்து வெள்ளணுக்களும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

மொத்தத்தில், மின்சாரத்தால் பிரிக்க முடியும் என்பது உண்மை. பிரதிநிதி அந்த இடத்தில் பொய் சொல்லவில்லை.

---

பதில்: ஓய்வுபெற்ற நோயியலர் (புதுச்சேரி)

மேலே எழுதிய நண்பர் கருவியைத் தெளிவாக விளக்கிவிட்டார். உங்கள் இரண்டாவது, மூன்றாவது ஐயங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், இரண்டுக்கும் என் விடை "இல்லை" என்பதே. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரத்தத்தில் புற்றுநோய்ச் செல்கள் சுற்றுவது 1869-ஆம் ஆண்டிலேயே தெரிந்த செய்தி. ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தில் கட்டியின் செல்களைப் போன்றவற்றைக் கண்டு எழுதினார். ஆனால் அவற்றை எண்ணும் ஒரு கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செல்சர்ச் என்னும் அந்த முறை மின்சாரத்தைப் பயன்படுத்துவதில்லை. எபிதீலியல் செல்களின் (தோலுக்கும் உறுப்புகளுக்கும் உறையாக அமையும் செல்கள்) மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் காந்தத் துகள்களில் ஏற்றி, 7.5 மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து செல்களை இழுத்தெடுக்கிறது. அந்த அனுமதி எதற்காக என்பதைக் கவனியுங்கள்: மார்பகப் புற்றுநோய் ஏற்கெனவே உறுதியாகி, உடலின் வேறு இடங்களுக்கும் பரவிவிட்டவர்களிடம், நோயின் போக்கை மதிப்பிடுவதற்காக. அப்படிப் பரவிய நோயிலேயே ஐந்து செல்கள் இருந்தால் அதிகம் என்று கோடு கிழித்தார்கள். பின்னர் குடல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கும் அனுமதி நீண்டது. 2022-இல் அனுமதி பெற்ற பார்சார்டிக்ஸ் என்ற கருவி, செல்களை அவற்றின் பருமனையும் நெகிழ்வையும் கொண்டு பிடிக்கிறது. அதுவும் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கே. நலமாக நடமாடும் ஒருவரிடம் புதிதாக நோயைத் தேடுவதற்கு இவற்றில் எதற்கும் அனுமதி இல்லை.

காரணம் கருவியின் குறைபாடு மட்டுமன்று. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடிச் சிவப்பணுக்களும் சில பத்து இலட்சம் வெள்ளணுக்களும் இருக்கின்றன. அவற்றுக்கிடையே ஆரம்ப நிலைப் புற்றுநோயில் எத்தனை செல்கள் மிதக்கும்? ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். உடலில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் அந்தச் செல்கள் மொத்தம் 100 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எடுக்கும் 7.5 மில்லிலிட்டரில் சராசரியாக 0.15 செல் வரும். அதாவது, ஒரு செல்லாவது அந்தக் குழாய்க்குள் வந்து விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பதினான்குதான். பெருமாள் ஏரியில் நூறு மீனை விட்டுவிட்டு ஒரு குடம் தண்ணீர் மொண்டு பார்ப்பவனின் நிலைதான் இது. வலை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், குடத்தில் வராத மீனை அது பிடிக்காது. சிப் நூற்றுக்கு நூறு திறமையாக வேலை செய்தாலும், மீதி எண்பத்தாறு பேருக்கு "இல்லை" என்றே ரிப்போர்ட் வரும்.

இது வெறும் கணக்கு அன்று. ஜெர்மனியில் சக்சஸ் என்ற ஆய்வில், ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து கீமோ தொடங்கவிருந்த 2026 பெண்களிடம், வழக்கமான அளவைப் போல நான்கு மடங்கு, அதாவது 30 மில்லிலிட்டர் ரத்தம் எடுத்துத் தேடினார்கள். 21.5 விழுக்காட்டினரிடம் மட்டுமே ஒரு செல்லாவது கிடைத்தது; கிடைத்தவர்களிடமும் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். அப்படிக் கிடைத்தவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடுதல் என்பதை அந்த ஆய்வு காட்டியது. அது மிகவும் பயனுள்ள செய்தி. ஆனால் அதே முறையை நோயே உறுதிப்படாதவர்களிடம் நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துவதற்கு அது ஆதாரம் ஆகாது. ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு: செல் இல்லை என்ற ரிப்போர்ட்டைக் காட்டி யாரையும் ஆறுதல் கொள்ளச் சொல்லாதீர்கள். மார்பில் கட்டியைத் தடவிப் பார்த்துப் பயந்து வந்த ஒரு பெண், இந்த ரிப்போர்ட்டை நம்பி ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் முகாமுக்குப் பத்தாயிரம் பேர் வருவதாகவும், அவர்களில் 30 பேருக்கு உண்மையிலேயே கண்டறியப்படாத புற்றுநோய் இருப்பதாகவும், பரிசோதனை நோயுள்ள நூறு பேரில் எண்பது பேரைச் சரியாகக் காட்டுவதாகவும், நோயில்லாத நூறு பேரில் ஐந்து பேரை மட்டும் தவறாகக் காட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். (நான் தாராளமாகவே கொடுத்திருக்கிறேன்.) பாசிட்டிவ் வருபவர்களில் 24 பேர் நோயாளிகள், ஏறத்தாழ 500 பேர் நோய் இல்லாதவர்கள். அந்த ஐந்நூறு குடும்பங்களும் எங்கே நோய் என்று தெரியாமல் ஸ்கேன் ஸ்கேனாக அலையும். குடலில் புற்றுநோய் அல்லாத அழற்சி உள்ளவர்களின் ரத்தத்திலும் எபிதீலியல் செல்கள் காணப்பட்டிருக்கின்றன. அவ்வளவு ஏன், ஊசி குத்தும்போது தோலிலிருந்து பெயர்ந்து வரும் செல்கள் முதல் குழாயில் விழுந்துவிடும் என்பதற்காகவே, இத்தகைய ஆய்வுகளில் முதல் சில மில்லிலிட்டரை வேறு பரிசோதனைக்கு ஒதுக்கிவிடுவார்கள். உங்களிடம் வந்த பிரதிநிதி அதைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

---

மஞ்சை லேப் (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. முதல் குழாயை ஒதுக்குவது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. துண்டறிக்கையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதில் "திருப்புமுனைக் கருவி என்று அமெரிக்க நிர்வாகத்தால் அறிவிக்கப்பட்ட தொழில்நுட்பம்" என்று ஒரு வரி இருக்கிறது. அது அனுமதிக்குச் சமமா?

மாதிரியை அவர்கள் தரும் சிறப்புக் குழாயில் எடுத்து, சாதாரண வெப்பநிலையில் கூரியரில் அனுப்பினால் போதுமாம். மூன்று நாள் வரை கெடாது என்கிறார்கள். கடலூரிலிருந்து சென்னைக்குப் போகவே நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. இவர்கள் லேப் வேறு மாநிலத்தில் இருக்கிறது.

---

மின்முனை

மூன்று நாள் கெடாத குழாய் என்றால் அதில் செல்லைப் பதப்படுத்தும் மருந்து இருக்க வேண்டும். அத்தகைய குழாய்கள் உண்மையிலேயே இருக்கின்றன. செல்சர்ச் முறைக்கான குழாயில் ரத்தத்தை 96 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். எதிர்ப்பொருளைக் கொண்டு செல்லை அடையாளம் காணும் முறைக்கு அது சரி, ஏனெனில் செல் செத்தாலும் அதன் புரதங்கள் இருந்த இடத்தில் இருக்கும்.

ஆனால் மின்புலத்தால் பிரிப்பது உயிருள்ள சவ்வை நம்பியது. செல் செத்ததும் சவ்வு ஒழுகத் தொடங்கி உள்ளே இருக்கும் அயனிகள் வெளியேறிவிடுகின்றன. பதப்படுத்தினாலும் சவ்வின் மின்பண்புகள் மாறிவிடுகின்றன. நான் மேலே எழுதிய 26, 11, 9 என்ற வேறுபாடு அதன்பின் நிற்காது. பதப்படுத்தாமல், ரத்தம் உறைவதை மட்டும் தடுக்கும் எடிடிஏ குழாயில் அனுப்பினால், சில மணி நேரத்துக்குள் சிப்பை எட்ட வேண்டும். எனவே "உயிரோடு பிரிக்கிறோம்" என்பதும் "மூன்று நாள் கூரியரில் வரலாம்" என்பதும் ஒரே துண்டறிக்கையில் இருந்தால், இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும். உண்மையில் என்ன முறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சிப், மின்சாரம் என்பதெல்லாம் முகப்பு அலங்காரமாக இருந்து, உள்ளே நடப்பது வழக்கமான சாயமேற்றுதலாக இருக்கவும் கூடும்.

கூடவே, பிடிப்புத் திறன் தொண்ணூறு விழுக்காடு என்று காட்டினால் அது எந்தச் செல்லைக் கொண்டு அளந்தது என்றும் கேளுங்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த எம்.சி.எஃப்-7 போன்ற புற்றுநோய்ச் செல்களை நல்ல ரத்தத்தில் கலந்து திரும்பப் பிடித்துக் காட்டுவது நாங்கள் எல்லோரும் செய்வதுதான். வளர்ப்புச் செல்கள் கொழுத்தவை, ஒரே மாதிரியானவை. நோயாளியின் ரத்தத்தில் அடிபட்டு வரும் செல்கள் அப்படி இருப்பதில்லை.

---

ஓய்வுபெற்ற நோயியலர்

திருப்புமுனைக் கருவி என்ற அறிவிப்பு அனுமதி ஆகாது. நம்பிக்கை தரும் ஒரு கருவியை உருவாக்குபவர்கள் அந்த நிர்வாகத்தோடு முன்கூட்டியே கலந்து பேசவும், விண்ணப்பம் முன்னுரிமையோடு பரிசீலிக்கப்படவும் அது வழி செய்கிறது. கருவி வேலை செய்கிறது என்று சான்று தருவதில்லை. துண்டறிக்கைகளில் இந்த வரி பெரிய எழுத்தில் வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

---

பதில்: பல் மருத்துவர் (புதுச்சேரி)

உரையாடலைப் படித்துக்கொண்டு வந்தேன். மஞ்சை லேப் அவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். சிப்காட் ஊர்களில் முகாம் போட வேண்டும் என்ற எண்ணம் தவறன்று; எடுத்துச் செல்லும் பரிசோதனைதான் தவறு.

ரத்தத்தில் தேடுவதற்கு முன், கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடங்களைப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பகுதியில் வெற்றிலை பாக்கோடு புகையிலை அடக்கிக்கொள்வோர் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு டார்ச்சும் இரண்டு மரக்குச்சிகளும் இருந்தால் வாயை முழுவதும் பார்த்துவிடலாம். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரலை ஒன்றாக நுழைக்க முடியாதபடி இறுகிய வாய் ஆகியவற்றைத்தான் தேடுகிறோம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இப்படி வாயைப் பார்த்ததில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணங்கள் 34 விழுக்காடு குறைந்தன என்று 2005-இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஆய்வு நடந்தது. அசிட்டிக் அமிலம் தடவிச் செவிலியர்கள் கண்ணால் பார்த்ததில் மரணங்கள் 35 விழுக்காடு குறைந்தன என்று 2007-இல் அதே இதழில் வந்தது. இவற்றில் எந்தச் சிப்பும் இல்லை. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும் பார்ப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தோடு பேசி அதற்கு ஆள் திரட்டித் தந்தால் அதுவே பெரிய உதவி.

அதற்காக மின்சாரக் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாயில் சந்தேகத்துக்குரிய திட்டைக் கண்டால், அது புற்றாக மாறிக்கொண்டிருக்கும் திட்டா, சும்மா இருக்கும் திட்டா என்பது பயாப்சி எடுக்கும் வரை தெரிவதில்லை. பயாப்சி என்றதும் பாதிப் பேர் அடுத்த முறை வருவதில்லை. அங்கே ஒரு சிறு தூரிகையால் செல்களைத் தேய்த்தெடுத்து மின்பண்பைப் பார்க்க முடிந்தால், யாரை உடனே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய உதவும் அல்லவா? இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தினர், இயல்பான, முன்புற்று நிலையிலுள்ள, புற்றான வாய்ச் செல்களை டைஎலக்ட்ரோஃபோரஸிஸ் முறையால் வேறுபடுத்திக் காட்டி 2011-இல் எழுதியதாகப் படித்திருக்கிறேன்.

---

மின்முனை

டாக்டர் எழுதியதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். என் கருத்தில் இந்தத் தொழில்நுட்பம் ஆரம்ப நிலைக் கண்டுபிடிப்புக்குப் பயன்பட வேண்டுமானால், ரத்தத்தைவிட வாய்தான் பொருத்தமான இடம். ரத்தத்தில் கோடிக்கணக்கான செல்களுக்கு நடுவே ஒன்றைத் தேடுகிறோம். தூரிகையிலோ ஆயிரக்கணக்கான செல்கள் சந்தேகத்துக்குரிய அந்த ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தனியே பிரிக்கக்கூட வேண்டியதில்லை, அந்தக் கூட்டத்தின் சராசரி மின்பண்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். அரிய செல்லைப் பிடிப்பது ஆய்விதழ்களுக்குக் கவர்ச்சியான சவாலாக இருப்பதால் பணமும் ஆளும் அந்தப் பக்கமே போகின்றன என்பது என் தனிப்பட்ட குறை.

ஒரு தடையை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாயின் மேற்பரப்பில் உள்ள செல்களில் பல ஏற்கெனவே செத்தவை அல்லது தடித்து உலர்ந்தவை. அவை மின்புலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது நோயைப் பற்றி எதையும் சொல்லாது. தூரிகை அடியடுக்கு வரை எட்டும்படி, லேசாக ரத்தம் பொட்டிடும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். பிறகு செத்த செல்களை ஒதுக்க வேண்டும். செத்ததையும் உயிருள்ளதையும் பிரிப்பது மின்புலத்துக்கு எளிய வேலை என்பது ஓர் ஆறுதல். வெற்றிலைச் சாறும் சுண்ணாம்பும் கலந்த எச்சில் கரைசலின் மின்கடத்துத்திறனை எவ்வளவு ஏற்றும் என்று யாராவது அளந்து பார்த்தால் நன்றாயிருக்கும். பயோமெடிக்கல் படிக்கும் மாணவர்கள் யாரேனும் இதைப் படித்தால், இறுதியாண்டுப் புராஜெக்டுக்கு இது உகந்த தலைப்பு. தங்க மின்முனை இல்லாவிட்டாலும் சாதாரணப் பிரிண்டட் சர்க்யூட் போர்டிலேயே தொடங்கலாம்.

---

மஞ்சை லேப் (கேள்வி கேட்டவர்)

பிரதிநிதியிடம் முறை என்ன, எந்தச் செல்லில் சோதித்தது, முதல் குழாயை என்ன செய்வது என்று எழுத்தில் கேட்டேன். மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். முகாமுக்கு நான் உடன்படவில்லை என்பதையும் தெரிவித்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. ஏற்கெனவே வேறோர் இடத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்து "இரண்டு செல்கள் காணப்பட்டன" என்ற ரிப்போர்ட்டோடு குடிகாடு பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் தூக்கம் போய்விட்டது என்கிறார். முழு உடல் பெட் ஸ்கேன் எடுக்கக் கடன் வாங்கப் போவதாகச் சொன்னார். அவருக்கு என்ன சொல்வது?

---

ஓய்வுபெற்ற நோயியலர்

கடன் வாங்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். அந்த ரிப்போர்ட்டில் செல்களின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். செல்லை உறுதிப்படுத்த மூன்று அடையாளங்கள் வேண்டும்: உட்கரு தெளிவாகத் தெரிய வேண்டும், எபிதீலியல் செல்லுக்குரிய புரதமான சைட்டோகெரட்டினைக் காட்டும் சாயம் ஏற்றிருக்க வேண்டும், வெள்ளணுவுக்குரிய சிடி45 சாயம் ஏற்றிருக்கக் கூடாது. படமே இல்லாமல் எண் மட்டும் இருந்தால், படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

படம் வரும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஜிப்மரிலோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ பொது மருத்துவப் பிரிவுக்குப் போகட்டும். எடை குறைந்ததா, மலத்தில் ரத்தம் போனதா, இருமல் நீண்டதா, புகையிலைப் பழக்கம் உண்டா, எந்த ஆலையில் எந்த வேலை பார்த்தார் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லட்டும். வாயைப் பார்த்து, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவி, வயிற்றைச் சோதித்து, சிறுநீரில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாயத் தொழிலிலோ ரசாயனத் தொழிலிலோ இருந்தவர் என்றால் அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை முக்கியம். அதில் ஏதாவது தென்பட்டால் எந்த ஸ்கேன் வேண்டும் என்பதை அவர்களே எழுதித் தருவார்கள். ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். பார்க்கும் மருத்துவர் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தாலும், அந்தத் தாள் அவருடைய கோப்பில் இருக்கட்டும்.